மதியத்துக்கு மேல் வீசும் காற்று

ஐஸ் தொழிற்சாலையில் அவரைக் கம்ப்ரசர் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டி ஏற்ற வரும் வண்டிக்காரர்களுக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. வருகைப் பதிவேட்டில் இருக்கும், அவ்வளவுதான். பத்தொன்பது வருடங்களாக அங்கே தண்ணீரை உறையவைக்கும் இரண்டு கம்ப்ரசர் இயந்திரங்களையும் ஓட்டி, நிறுத்தி, எண்ணெய் வடித்து, கழற்றிப் பூட்டியவர் அவர். குழாயின் மேல் புறங்கையை வைத்தே உள்ளே அம்மோனியா வாயு சரியாகப் போகிறதா என்று சொல்லிவிடுவார். குழாயில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உறைபனியை நகத்தால் கீறிப் பார்ப்பார். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முந்நூறு தகர டின்கள் முங்கிக் கிடக்கும். காலை ஆறு மணிக்கு அவற்றைச் சங்கிலியால் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், கட்டி டின்னை விட்டு வழுக்கிக்கொண்டு பலகையில் ஓடும். அந்த ஓட்டத்தைப் பார்க்க அவருக்கு அலுத்ததே இல்லை.

வீடு அரசு மருத்துவமனைக்குப் பின்தெருவில். இரண்டு அறையும் ஒரு சமையலறையும். மனைவி அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ்; பதின்மூன்று வருட சர்வீஸ். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. வீட்டில் இன்னும் பாப்பாதான். அவள் படிக்கும் பள்ளிக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு சாலையும் இரண்டு மதில்களும் மட்டும். வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அப்பாவின் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கிறது என்று பெருமையாகச் சொல்வாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவருடைய குரல் போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை, உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது. அதற்கு முன்பு இரண்டு இயந்திரங்களின் இரைச்சலையும் தாண்டி, சங்கிலி இழுப்பவனுக்குக் கேட்கும்படி அதட்டுவார். இப்போது சாப்பிடும்போது தண்ணீர் வேண்டுமென்றால் தட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். காய்ச்சல் வந்தது, சளி தொண்டையில் கட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தார். மனைவியும் வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள், டாக்டரிடம் கேட்டு மாத்திரை கொண்டுவந்தாள், பிறகு பழகிவிட்டாள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு எதுவும் பழகிவிடும்.

இந்த வருடம் வேறு ஏதோ ஓர் ஊரில் அம்மோனியா கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். உடனே மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஐஸ் தொழிற்சாலை, குளிர்பதனக் கிடங்கு உள்ள ஊர்களிலெல்லாம் தீயணைப்பு, காவல், மருத்துவமனை, நகராட்சி, மின்வாரியம், பள்ளி என்று எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஒத்திகை நடத்திக் காட்ட வேண்டும். நகராட்சி மன்றத்தில் முதல் கூட்டம். மருத்துவமனை டாக்டர் குறிப்பெடுக்க மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கூட்டத்தை நடித்தே காட்டினாள். முதல் அரைமணி நேரம் நகராட்சி ஆணையருக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் போயிற்றாம். அப்புறம் ஆளுக்கொரு வரைபடத்தை விரித்தார்களாம். போலீஸ் வைத்திருந்த படத்தில் இருக்கும் ஒரு சாலையை, சாக்கடை தோண்டுவதற்காக நகராட்சி மூடி வருடம் இரண்டாகிறது. தீயணைப்பு நிலையத்தின் படத்தில் மருத்துவமனையின் வாசல் பழைய இடத்திலேயே இருக்கிறது. அங்கே இப்போது மருந்துக் கிடங்கு. போலீஸ் வாக்கிடாக்கியில் பேசினால் தீயணைப்புக்காரர்களுக்குக் கேட்காது, அவர்கள் பேசினால் இவர்களுக்குக் கேட்காது. "பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருந்துட்டு பதினஞ்சு வருஷமா பேசாத சம்பந்திங்க மாதிரி" என்று அவள் சொன்னதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்தக் கூட்டத்தில் காரியமாகப் பேசியவர் தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர்தான் என்றாள். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர்தான் முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அறுநூற்று நாற்பது பிள்ளைகள். எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? தலைமையாசிரியை, பள்ளி மைதானம் பெரியது, கட்டடத்துக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஐஸ் தொழிற்சாலை மேலாளர், தங்கள் இடத்தில் இத்தனை வருடத்தில் ஒரு சொட்டுகூடக் கசிந்ததில்லை, இருந்தாலும் ஒத்துழைப்போம் என்று சொன்னாராம்.

கம்ப்ரசர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"ஒத்திகை எத்தனை மணிக்கு?"

"காலைல பத்து மணிக்கு."

அவர் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவ எழுந்துபோனார்.

ஒத்திகையில் நோயாளிகளாக நடிக்க நகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். அவருக்கு என்ன உபாதை என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து எந்தக் கட்டிலுக்கு அனுப்புவது என்று மருத்துவமனை தீர்மானிக்க வேண்டும். அட்டை எழுதும் வேலை மனைவிக்கு வந்தது. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

மதியம் வார்டில் கூட்டம் குறைந்த பிறகு, ஊசி மருந்து வைக்கும் மேசையைத் துடைத்துவிட்டு, சுற்றறிக்கையோடு வந்த தாளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். முதல் மூன்று அட்டைகள் லேசான பாதிப்பு: கண்ணீர், தும்மல், தொண்டை எரிச்சல். நான்காவது, முன்பு எப்போதோ பாதிக்கப்பட்டு மறுபடியும் வாயு பட்டவர். தாளில் இருந்தபடியே எழுதிக்கொண்டு போனாள். குரல் கம்மல், பல மாதங்கள் நீடிக்கும். படியேறினால் மூச்சு வாங்கும். குளிர்ந்த காற்று பட்டால் விடாத இருமல். வெளிச்சத்தில் கண் கூசும்.

எழுதி முடித்து, மை காய்வதற்காக அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நினைவுக்கு வந்தது. பகல் டியூட்டி முடிந்து வந்தபோது அவர் ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூசி விழுந்துவிட்டது என்றார். அவள் சொட்டு மருந்து ஊற்றினாள். சட்டையில் ஏதோ நெடி அடிப்பதாகத் தோன்றியது. ஐஸ் தொழிற்சாலை சட்டை, எப்போதும் அடிக்கும் நெடிதான் என்று சோப்பில் ஊறவைத்தாள். ஊரில் யார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாலும் என்ன, எப்படி, எத்தனை மணிக்கு என்று துருவித் துருவிக் கேட்கிறவள், தன் வீட்டுக்குள் படுத்திருந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளை, நோட்டு வாங்கி வா என்று தெருமுனைக் கடைக்கு அனுப்பினாள். அட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

"இது யாருன்னு சொல்லுங்க."

அவர் எடுத்துப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஒத்திகைக்கு எழுதினதா?"

"ஆமா. நாலாம் நம்பர் நோயாளி. இந்த வீட்டுல ரெண்டு வருஷமா இருக்காரு. நான்தான் பாக்கல."

அவர் அட்டையைக் கீழே வைத்தார். பேச ஆரம்பித்தபோது அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு தணிந்த குரல்.

கம்ப்ரசர் இயந்திரத்தின் எண்ணெய் வாயுவோடு கலந்து போய் ஒரு கலத்தின் அடியில் தங்கும். வாரத்துக்கு ஒருமுறை அதை வடிக்க வேண்டும். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, வாளியைப் பிடித்து, எண்ணெய் தீர்ந்து வாயு வரும் முன்னால் மூட வேண்டும். வால்வைத் திறந்தவன் அதன் மேலிருந்து கையை எடுக்கக் கூடாது. இந்த வேலையில் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லும் முதல் பாடம் அது. புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆபீஸ் அறையில் டெலிபோன் அடித்தது. வேறு ஆள் இல்லை. ஒரு நிமிடம்தானே என்று போனார். தவறான நம்பர். திரும்பி வருவதற்குள் எண்ணெய் தீர்ந்து வாயு பீறிட்டுக்கொண்டிருந்தது. துண்டை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவிப் போய் மூடினார்.

மேலாளர் வந்து பார்த்தாராம். திட்டக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் தெரியவில்லை, விடு என்று சொல்லிப் பத்து நாள் லீவு கொடுத்தாராம்.

"அவரு விடுன்னுதான் சொன்னாரு. நான்தான் அதைக் கெட்டியா புடிச்சுக்கிட்டேன்" என்றார். "அவரு மிரட்டியிருந்தாக்கூட உன்கிட்ட சொல்லியிருப்பேன். இது என் கை செஞ்ச தப்பு. பத்தொன்பது வருஷத்துல ஒருநாள் கையை எடுத்தேன். அதை எப்படிச் சொல்றது?"

அவள் எதுவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"அதில்ல இப்போ. அந்த வாடை எந்தப் பக்கம் போச்சுன்னு கேளு."

"எந்தப் பக்கம்?"

"காலைல காத்து பள்ளிக்கூடத்துப் பக்கத்துலேருந்து எங்க பக்கம் வரும். மதியத்துக்கு மேல திரும்பிடும். அன்னிக்கு அத்தனையும் ரோட்டைத் தாண்டி, கட்டடத்துக்கு மேல ஏறி, அந்த மைதானத்துல இறங்கிச்சு. மறுநாள் நான் கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கேன், பாப்பா வந்து சொல்றா, மைதானத்து ஓரத்துச் செடியெல்லாம் கருகிப்போச்சுப்பான்னு. உரத்தை அள்ளிக் கொட்டிட்டாருன்னு தோட்டக்காரரை நிக்கவெச்சு எல்லாரும் திட்டினாங்களாம்."

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"பாப்பா நிக்கப்போற இடம்" என்றாள் அவள்.

"தெரியும்."

ஒத்திகைக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போகாமல், சோறு போட்ட இடத்துக்கு முதலில் சொல்வதுதான் முறை என்று மேலாளரிடம் போனார். மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். ஒத்திகை காலையில்தானே, காலையில் காற்று இந்தப் பக்கம்தானே வருகிறது, இப்போது போய் இதைக் கிளப்பினால் தொழிற்சாலையையே மூடச் சொல்வார்கள், இருபத்தாறு பேர் எங்கே போவார்கள், ஒத்திகை முடியட்டும், அப்புறம் யோசிப்போம் என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. கம்ப்ரசர் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள். அவரும் தண்ணீருக்குத் தட்டைத் தட்டவில்லை, எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்.

ஒத்திகை அமர்க்களமாக நடந்தது. சங்கு ஊதியது. தீயணைப்பு வண்டி நான்கு நிமிடத்தில் வந்து நின்றது. ஆனால் தொழிற்சாலையின் பின்கேட் பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் வேடிக்கை பார்க்க முன்கேட்டுக்கு வந்திருந்தார். நான்காம் நம்பர் நோயாளி தனக்குக் குரல் கம்மியிருக்கிறது என்பதை மறந்து, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே டீ எப்போது வரும் என்று உரக்கக் கேட்டார். பள்ளிப் பிள்ளைகள் ஆறே நிமிடத்தில் வரிசை கலையாமல் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். ஆணையர் ஒலிபெருக்கியில் பாராட்டினார். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த கம்ப்ரசரும் கை தட்டினார். தட்டிவிட்டுத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மகள் சட்டையில் வரிசைத் தலைவி பட்டையோடு வந்தாள்.

"எங்க வரிசைதான்பா முதல்ல போச்சு. அந்தக் கடைசி மூலை இருக்குல்ல, செடி வெச்சிருக்காங்களே, அதுவரைக்கும் போய் நின்னோம். நான்தான் எல்லாரையும் நகரு நகருன்னு உள்ள தள்ளினேன். நிஜமாவே நடந்தாலும் இப்படித்தான் செய்யணும்னு மிஸ் சொன்னாங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்பா, நல்லாயில்லையா?" என்று கேட்டாள். நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினார்.

மறுநாள் நான்கு மணிக்கு அதே மன்றத்தில் மறுபரிசீலனைக் கூட்டம். அவர் சொல்லிக்கொள்ளாமல் வேலையிலிருந்து கிளம்பினார். துவைத்த சட்டையை மாற்றிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நின்றார். பின்கேட் சாவியைப் பற்றியும் வாக்கிடாக்கியைப் பற்றியும் பேசி முடித்து, பள்ளிப் பகுதி சிறப்பு என்று ஆணையர் எழுதச் சொன்னபோது கையைத் தூக்கினார்.

யார் என்று கேட்டார்கள். ஐஸ் தொழிற்சாலை ஆபரேட்டர் என்றார். மேலாளர் திரும்பிப் பார்த்து, இவருக்குக் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை, நான் பேசிக்கொள்கிறேன் என்றார். கம்ப்ரசர் பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் மூன்றாவது வரிசைக்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர் காதருகே கையை வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுங்கள் என்றார். இதற்கு மேல் வராது என்று அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

தீயணைப்பு அதிகாரி எழுந்துபோய் மின்விசிறிகளை அணைத்தார். ஜன்னல்களைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப சொல்லுங்க. அவசரமில்ல."

அவர் சொன்னார். டெலிபோனிலிருந்து கருகிய செடிவரை, எதையும் விடவில்லை. வால்விலிருந்து கையை எடுத்தது நான்தான் என்பதை இரண்டு முறை சொன்னார். மூடிய அறையில் எல்லாருக்கும் வியர்த்தது. ஒருவரும் விசிறியைப் போடச் சொல்லவில்லை. டாக்டருக்குப் பக்கத்தில் மனைவி தலையைத் தூக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் சொல்வதை ஆபரேட்டர் கூறியது என்று தலைப்பிட்டு, வரிவரியாக.

அன்றைக்கே ஏன் தெரிவிக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வெக்கம் சார். பயம் அப்புறம்தான். முதல்ல வெக்கம்."

தீயணைப்பு அதிகாரி அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டார். இரண்டே முக்கால். எவ்வளவு நேரம் வந்தது? ஐந்து நிமிடம் இருக்கும். கருகிய செடி மதிலிலிருந்து எத்தனை அடி? அதற்குத் தலைமையாசிரியைதான் பதில் சொன்னார். மதிலோரம் முழுவதும் என்றார். பிறகு, கேட்காத கேள்விக்கும் சேர்த்து, "தோட்டக்காரரைத் திட்டினது நான்தான்" என்றார்.

அடுத்த நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு, பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு, தொழிற்சாலை முற்றத்தில் ஒரு பழைய தகரப்பீப்பாயில் ஈரச்சாக்குகளைப் போட்டுப் புகை மூட்டினார்கள். ஆறு அலுவலகத்துக்காரர்களும் பள்ளி மாடியில் நின்று பார்த்தார்கள். புகை நேராக எழுந்து, மதிலைத் தாண்டியதும் சாய்ந்து, சாலையைக் கடந்து, கூரைமேல் ஊர்ந்து, மைதானத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. படுத்தது அங்கேயே கிடந்தது.

திட்டத்தை மாற்றினார்கள். காலையில் என்றால் மைதானம். மதியத்துக்கு மேல் என்றால் முன்வாசல் வழியாக வெளியே வந்து, காற்றுக்குக் குறுக்காக நடந்து, சந்தைத் திடலுக்குப் போக வேண்டும். தீயணைப்பு நிலையக் கோபுரத்தில் காற்றின் திசை தெரிய ஒரு துணிக்குழாய் கட்டினார்கள். போலீஸ் வாக்கிடாக்கிகளில் இரண்டைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொடுத்தார்கள்; கையெழுத்து வாங்கிக்கொண்டுதான். மாதம் ஒருமுறை பிள்ளைகளைச் சந்தைத் திடலுக்கு நடத்திக் கூட்டிப்போய் வந்தார்கள். பாடம் கெடுகிறது என்று பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். சாமான் இறக்க முடியவில்லை என்று வியாபாரிகள் சண்டைக்கு வந்தார்கள். தலைமையாசிரியை இரண்டு தரப்புக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: புகையை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

தொழிற்சாலைக்கு நோட்டீஸ் வந்தது; பழைய வால்வுகள் சிலவற்றை மாற்றினார்கள். கம்ப்ரசரை மேலாளர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. நீயாகவே எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடு, அதுதான் உனக்கும் மரியாதை என்றார். அவர் எழுதிக்கொடுத்தார். போகும்போது இரண்டு கம்ப்ரசர்களின் குழாயிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மனைவி டியூட்டியிலிருந்து சீக்கிரமே வந்து, முட்டை பொரித்து, சோறு போட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இனி என்ன செய்வது என்று இருவரும் பேசவில்லை. கூட்டத்தில் அவர் எந்த இடத்தில் இரும ஆரம்பித்தார், எந்த இடத்தில் தண்ணீர் கேட்டிருக்கலாம் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை நுரையீரல் டாக்டரிடம் வர வேண்டும் என்றாள். பெயரையும் காரணத்தையும் நானே எழுதிவைத்துவிட்டேன், தப்பிக்க முடியாது என்றாள். அவர் தட்டை இரண்டு தட்டுத் தட்டினார். அவள் தண்ணீர் ஊற்றினாள்.

பஸ் நிலையத்தருகே ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் கடையில் சேர்ந்துகொண்டார். சின்னச் சின்னக் கம்ப்ரசர்கள். மடியில் வைத்துக் கழற்றலாம். பெரிய யானைகளைக் கட்டி மேய்த்தவனுக்குப் பூனைக்குட்டிகள் என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டரை மணிக்குச் சங்கு ஊதியது.

மாதாந்தர ஒத்திகை என்றுதான் கடைவீதியில் பலரும் நினைத்தார்கள். ஆனால் அந்த மாத ஒத்திகை போன வாரமே முடிந்துவிட்டது என்று கம்ப்ரசருக்குத் தெரியும். கையிலிருந்த திருப்புளியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து கோபுரத்தைப் பார்த்தார். துணிக்குழாய் பள்ளிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் சைக்கிளை எடுப்பதற்குள் போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை, கதவை மட்டும் திறந்துவிட்டார்.

ஐஸ் தொழிற்சாலையில், வாயுவை ஆறவைக்கும் கண்டன்சருக்குப் போகும் குழாயில், மாற்றாமல் விட்ட பழைய வளைவு ஒன்று பிளந்துவிட்டது. முகமூடி போட்ட இரண்டு தீயணைப்பு வீரர்கள் உள்ளே இருந்தார்கள். வெளியிலிருந்து தண்ணீரைத் திரைபோல் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வெள்ளை மூட்டத்தில் எந்தச் சக்கரத்தைத் திருப்பினால் அடங்கும் என்று தெரியவில்லை. வால்வு நம்பர்களின் மேல் யாரோ புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். புது ஆபரேட்டர் கண் தெரியாமல் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான்.

தீயணைப்பு அதிகாரி வாக்கிடாக்கியைக் கம்ப்ரசர் கையில் கொடுத்தார். கம்ப்ரசர் அதில் சொன்னார்: கதவிலிருந்து இடதுசுவரைத் தொட்டுக்கொண்டே போங்கள், மூன்றாவது தூண், இடுப்பு உயரத்தில் சக்கரம், ஒரு கம்பி உடைந்திருக்கும். உள்ளேயிருந்து கேட்கவில்லை கேட்கவில்லை என்று பதில் வந்தது. வாயுவின் சீறலில் அவர் குரல் கரைந்துபோயிற்று. இன்னொரு முறை முயன்றார். இருமல் வந்துவிட்டது. அப்போது இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டுப் பக்கத்தில் குனிந்தார்.

"என் காதுல சொல்லுங்க."

கம்ப்ரசர் காதில் சொல்லச் சொல்ல, இன்ஸ்பெக்டர் அணிவகுப்பு மைதானக் குரலில் வாக்கிடாக்கியில் கத்தினார். இடதுசுவர். மூன்றாவது தூண். உடைந்த கம்பி கைக்குப் படுகிறதா? படுகிறது. வலப்பக்கமாகத் திருப்பு. இறுகியிருக்கும், விடாதே. இன்னும் இரண்டு சுற்று. கம்ப்ரசரின் வலதுகை இல்லாத சக்கரத்தைக் காற்றில் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. சங்கு ஊதிய பதினேழாவது நிமிடம் சீறல் தணிந்து நின்றது.

மருத்துவமனையில் பன்னிரண்டு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆக்சிஜன். கண் கழுவ உப்புநீர்ப் பாட்டில்கள் வரிசையாக. மனைவி கையுறை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றாள். அறுநூற்று நாற்பது பிள்ளைகள் என்பது மட்டும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருத்தியைத் தனியாக நினைக்கவிடாமல் தன்னைப் பிடித்துவைத்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. கதவைத் திறந்தால் புது ஆபரேட்டர் ஒருவன்தான். அவன் கண்ணைக் கழுவி, மூக்கில் குழாய் வைத்துப் படுக்கவைத்தார்கள். பிழைத்துக்கொள்வான், பார்வைக்குப் பயமில்லை என்றார் டாக்டர். அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. பதினொரு கட்டில்கள் கசங்காமல் கிடந்தன.

நான்கரை மணிக்குக் கம்ப்ரசரும் மகளும் சந்தைத் திடலிலிருந்து நடந்தே வந்தார்கள். மகளின் முகம் வெயிலில் சிவந்திருந்தது. அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தார்; காற்றுதான் வந்தது. மனைவி அவரைக் காலிக் கட்டில் ஒன்றில் உட்காரவைத்து மூக்கில் குழாயைப் பொருத்தினாள். பிறகு மகளின் கண்ணிமைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். மூச்சை இழுத்துவிடச் சொன்னாள்.

"என்னம்மா பண்றே" என்று மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒண்ணுமே நடக்கல. ரெண்டு மணி நேரம் அந்தத் திடல்ல சும்மா நின்னோம். வெயிலு. குடிக்கத் தண்ணிகூட வெக்கல அங்க. ஒரே போரு."

வாசலில் நின்றிருந்த தீயணைப்பு அதிகாரி, ஆபரேட்டரைப் பார்க்க வந்தவர், அதைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"திடல்ல தண்ணி இல்லையா?"

"ஒரு சொட்டுகூட இல்ல சார்" என்றாள் மகள் புகாராக.

அவர் எழுதிக்கொண்டார். நர்ஸ் கையுறையைக் கழற்றினாள். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து மகளிடம் கொடுத்தாள். அவள் கழுத்தைப் பின்னால் சாய்த்து மடமடவென்று குடிப்பதை, தொண்டை ஏறி இறங்குவதை, கடைசி மடக்குவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.